மாமா படம் இருந்த இடம்

கேள்வி: எனக்கு 38 வயது. கம்பத்தில் இருக்கிறோம். கணவருக்கு வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. விடியுமுன் ஜீப் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார். என் பிரச்சினை மாமியார். 66 வயது. சாயங்காலம் 6 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் 10 மணி வரை சீரியல்தான். போன மாதம் அவர் பார்க்கும் ஒரு சீரியலில் மூத்த அண்ணனாக வருகிறவரைத் திடீரென்று லாரி மோதிச் சாகடித்துவிட்டார்கள். அதிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. மாலை போட்ட போட்டோவைக் காட்டும்போதெல்லாம் வாய்விட்டு அழுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய் ஓடி வருகிறார்கள். சீரியல் நடிகர் மாரிமுத்து இறந்தபோதுகூட ரெண்டு நாளில் சரியாகிவிட்டார். போன ஆவணியில் மாமா தோட்டத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். ஏலக்காய் எடுப்பு நேரம் என்பதால் 3-ஆம் நாளே காரியத்தை முடித்தோம். அதற்கே அத்தை இப்படி அழவில்லை, தைரியமாகத்தான் இருந்தார். எல்லாம் இந்த டிவியால் வந்த வினை. தீபாவளி ஆஃபரில் 43 இஞ்ச் வாங்கி, ஹாலில் மாமா படம் இருந்த இடத்தில் மாட்டினோம். கழற்றிவிடலாமா? மனநல டாக்டரிடம் காட்ட வேண்டுமா? இந்த சீரியல்காரர்கள் ஏன்தான் இப்படிச் சாகடிக்கிறார்களோ?
பெயர் வேண்டாம், கம்பம்.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுலபம்.

சீரியலில் சாவு ரெண்டு வகை. ஒன்று, அவர்களாகச் சாகடிப்பது. நடிகருக்கு சினிமா வாய்ப்பு வந்திருக்கும், சம்பளத்தில் மனஸ்தாபம் வந்திருக்கும், கால்ஷீட் ஒத்துவந்திருக்காது. இல்லையென்றால் வியாழக்கிழமை வருகிற டி.ஆர்.பி. கணக்கில் தொடர் படுத்திருக்கும். உடனே லாரி, மலைப்பாதை, ஆஸ்பத்திரி வராந்தா, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வரும் டாக்டர். உடம்பைக் காட்டினால் நிஜச் சாவு, உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் தாடியோடு திரும்பி வருவான் என்று எங்கள் தெருப் பெண்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் 'டல்லஸ்' என்ற தொடரில் 1985-இல் பாபி என்கிற நாயகனைக் கார் மோதிச் சாகடித்தார்கள். அவன் இல்லாமல் தொடர் சோபிக்கவில்லை. மறுவருஷம் குளியலறையில் குளித்துக்கொண்டு நின்றான். நடுவில் வந்த ஒரு வருஷக் கதையும் மனைவி கண்ட கனவாம்! இந்தியில் 'க்யோங்கி சாஸ் பி கபி பஹு தி' தொடரில் நாயகன் மிஹிரைச் சாகடித்தபோது ஜனங்கள் போட்ட கூச்சலில் அவனையும் பிழைக்கவைக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது வகைதான் கஷ்டம். நடிக்கிறவரே நிஜமாகப் போய்விடுவது. மாரிமுத்து உங்கள் தேனி மாவட்டத்துக்காரர், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. 2023 செப்டம்பர் 8 காலையில் 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி வந்தது, அன்றைக்கே போய்விட்டார். அவர் நடித்த ஆதி குணசேகரன் என்ற அந்த ஆணவம் பிடித்த அண்ணன் இல்லாமல் அந்தக் கதை ஓர் அங்குலம் நகராது. தினசரித் தொடர்களில் எடுத்து முடித்து கையிருப்பில் இருப்பது கொஞ்ச நாள் எபிசோடுதான். துக்கம் அனுசரிக்க அவர்களுக்கு நேரம் ஏது? கொஞ்ச நாள் குணசேகரனைக் கண்ணில் காட்டாமலே ஓட்டினார்கள். அப்புறம் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். 2020 டிசம்பரில் நடிகை சித்ரா இறந்தபோது 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாகக் காவ்யா வந்ததும் இதே வழியில்தான்.

இதற்கு நம் டிவியில் ஒரு வாசகமே உண்டு. 'இவருக்குப் பதில் இவர்.' ஒரே வரியில் போட்டு முடித்துவிடுவார்கள். பேர் பழையது, முகம் புதுசு. கதையில் இருக்கிற பெண்டாட்டியும் பிள்ளைகளும் 'ஏன் முகம் மாறியிருக்கிறது?' என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பிழைப்பு அப்படி. நூறு பேர் சம்பளம் அதில் இருக்கிறது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

உங்களைச் சொல்வேன்.

'மாமா படம் இருந்த இடத்தில் மாட்டினோம்.' ஆஃபருக்கும் இஞ்சுக்கும் நடுவில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது? கடிதத்தில் இல்லை. நான் சொல்லட்டுமா? உள்ளறையில் பீரோ மேல், பழைய வேட்டியில் சுற்றி, முகம் சுவரைப் பார்த்தபடி. டிவி மாட்ட வந்த பையன் கழற்றி 'எங்கக்கா வைக்கிறது?' என்று கேட்டிருப்பான், நீங்கள் 'இப்போதைக்கு உள்ள வைப்பா' என்றிருப்பீர்கள். அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை.

உங்கள் ஹாலில் 'இவருக்குப் பதில் இவர்' போட்டது எந்த சீரியல் டைரக்டரும் இல்லை. நீங்கள்தான்.

அத்தை தினமும் 4 மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். புருஷன் முகம் இருந்த இடத்தில் வேறொருவன் படம் மாலையோடு வருகிறது. குத்துவிளக்கு எரிகிறது, வீட்டுப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். இந்த அம்மாள் மட்டும் அழாமல் சுண்டல் கொறித்துக்கொண்டா இருப்பார்?

மாமா இறந்தபோது தைரியமாக இருந்தார் என்று சர்டிபிகேட் வேறு கொடுத்திருக்கிறீர்கள். அழ எங்கே விட்டீர்கள்? 3-ஆம் நாள் காரியம். 4-ஆம் நாள் உங்கள் கணவர் ஜீப்பில். எடுப்பு நேரத்தின் அவசரம் எனக்குத் தெரியும், நான் கூடலூரில் பிறந்து வளர்ந்தவள். பதம் தப்பினால் காய் வெடித்துவிடும், ஏலக்காய்க்கு யார் வீட்டுக் கேதமும் தெரியாது. தோட்டத்து முதலாளி 16 நாள் லீவு கொடுத்திருக்கவும் மாட்டார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் இருந்தவர்கள் 16 நாள் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, வருகிறவர்களுக்கு ஒரு பாயை விரித்துப்போட எந்த முதலாளியின் அனுமதி வேண்டும்?

கேதம் கேட்க ஆள் ஒரே நாளில் வந்து முடியாது. தேவாரத்திலிருந்து ஒரு நாத்தனார் 5-ஆம் நாள் வருவார், குமுளியிலிருந்து ஒரு தங்கச்சி 9-ஆம் நாள். வருகிற ஒவ்வொருத்தியும் வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்து கட்டிக்கொள்வாள். மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டார், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனார், யார் போன் செய்தார்கள். 16 நாள் சொல்லிச் சொல்லித்தான் 'அவர் இனி இல்லை' என்பது சொல்கிறவளுக்கே விளங்கும். நான் பெரிய சாஸ்திரம் பார்க்கிறவள் இல்லை. இதை மட்டும் பார்ப்பேன்.

என் பாட்டிக்கு வளர்ந்த மகன் ஒருவர் கிணற்றில் விழுந்து போனார். அப்புறம் பல வருஷம் ஊரில் எந்தக் கேதம் விழுந்தாலும் பாட்டிதான் முதல் ஆள். ஒப்பாரி செத்தவர் பேரில்தான் தொடங்கும். மூன்றாவது அடியில் பாட்டியின் மகன் வந்துவிடுவார். யாரும் 'கிழவிக்குப் பைத்தியம்' என்று சொன்னதில்லை. தண்ணீர் கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்கள். உங்கள் அத்தையும் கேத வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். அந்த வீடு சுவரில் 43 இஞ்சில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மாரிமுத்து இறந்தபோது ரெண்டு நாளில் சரியாகிவிட்டார் என்கிறீர்களே. அப்போது மாமா இருந்தார், தாயி! 'நம்ம பக்கத்துப் பையன், இப்படிப் பொசுக்குன்னு போயிட்டானே' என்று ரெண்டு வார்த்தை பேச ஒரு ஆள் இருந்தது.

அப்புறம் இந்தத் தீபாவளி ஆஃபர். ஆவணியில் சாவு, ஐப்பசியில் புது டிவி. நம் பக்கம் சாவு விழுந்த வருஷம் வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், அக்கம்பக்கத்தில்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்தார்களா? கொடுத்த பலகாரத்தைப் புது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

மருமகளை மட்டும் திட்டினால் எனக்கே நியாயமாகப் படாது. இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் ஜீப் ஏறுகிறார், இறங்குகிறார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. அப்பா போட்டோவைச் சுவரிலிருந்து எடுக்கும்போது பெற்ற மகன் எங்கே இருந்தார்? அம்மாவிடம் 'இந்த இடத்தில் டிவி வைக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டாரா? புருஷனையும் வீட்டில் தன் அதிகாரத்தையும் ஒரே மாதத்தில் இழந்த பெண், கேட்காமலே தூக்கிவைக்கப்பட்ட படத்தைப் பற்றி மகனிடம் வாய் திறக்கமாட்டாள். வாய் திறந்தால் 'அம்மாவுக்கு எதுவுமே பிடிக்காது' என்று பேர் வரும். அதனால்தான் சீரியல் அண்ணனுக்கு அழுகிறாள். அதற்கு யாரும் கணக்குக் கேட்கமுடியாது என்று நினைத்திருப்பாள். நீங்கள் அதற்கும் டாக்டரைக் கேட்டு எழுதிவிட்டீர்கள்.

இதைவிட ஒழுங்காக டிவிக்காரர்களே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்று குழந்தைகள் நிகழ்ச்சி. அதில் ஹூப்பர் என்ற கடைக்காரத் தாத்தாவாக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். தாத்தா வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார் என்று கதை கட்டலாமா என யோசித்தார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டு, குழந்தைகள் மனசு தெரிந்தவர்களைக் கலந்துகொண்டு, 1983 நவம்பர் 24-இல் அந்த எபிசோடை ஒளிபரப்பினார்கள். அன்று அங்கே பண்டிகை விடுமுறை. குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பெற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்ற கணக்கு. அதில் பெரிய மஞ்சள் பறவை ஒன்று எல்லாரையும் படம் வரைந்துகொண்டு வந்து கொடுக்கிறது. ஹூப்பர் படத்தை அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. அவர் செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சுற்றி நின்று அதற்கு நேராகவே சொல்கிறார்கள். அவர்கள் கண்ணும் கலங்கியிருக்கிறது. பறவை என்ன செய்தது தெரியுமா? அந்தப் படத்தைத் தன் கூட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்துக்கொண்டது.

பொம்மைப் பறவைக்குக் கிடைத்த இடம் உங்கள் அத்தைக்குக் கிடைக்கவில்லை.

டிவியைக் கழற்றக்கூடாது. கழற்றினால் இருக்கிற ஒரு கேத வீட்டையும் பூட்டுகிற கணக்கு. அந்தத் தொடர் வரும் அரை மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அழுதால் பிரஷர் ஏறும் என்று அடக்காதீர்கள், மாத்திரை நேரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், போதும். சீரியலுக்கு அழுவது மனநோய் இல்லை. நான் சொல்வதையெல்லாம் செய்தபிறகும் சோறும் தூக்கமும் திரும்பவில்லை என்றால் தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அப்போதும் மகன்தான் கூடப் போகவேண்டும், நீங்கள் இல்லை.

வருகிற ஆவணியில் முதல் வருஷத் திதி. அதையும் எடுப்பு என்று சுருக்கினால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவர் அம்மாவை வண்டன்மேட்டுக்குக் கூட்டிப்போகட்டும். மாமா எந்த இடத்தில் விழுந்தார், யார் முதலில் தூக்கினார்கள், தண்ணீர் கேட்டாரா என்று அத்தைக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் நாலு பேர் அங்கே இருப்பார்கள், அவர்கள் சொல்லட்டும்.

படத்தை நாளைக்கே எடுத்துவிடலாம். எங்கே மாட்டுவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். டிவியை நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்று அத்தை சொன்னால் நகர்த்துங்கள், நாலு துளை கூட விழுந்தால் சிமெண்ட் வைத்துப் பூசிக்கொள்ளலாம். இத்தனை மாதம் பீரோ மேல் கிடந்த கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். நீங்கள் துடைக்க வேண்டாம். ஒரு ஈரத்துணியைப் பிழிந்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நில்லுங்கள்.