கனடாவில் படிக்க என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா.

உங்கள் கட்டுரைகளைப் பல காலமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகள் ஸ்காபரோவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கும் உயிரியலும் அவளுக்கு நன்றாக வரும். யூனிவர்சிற்றிக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில், கனடியக் கற்கைகள்தான் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். வரலாறு, இலக்கியம், அரசியல், புவியியல், சட்டம் என்று பல துறைகளில் இருந்து எடுத்துப் படிப்பிக்கிற படிப்பாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

நான் 1988இல் வந்தவன். இந்த நாட்டுக்கு நன்றி மறந்தவன் இல்லை. ஆனால் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு இங்கே என்ன பண்பாடு இருக்கிறது? 1867இல் உருவான நாடு. எங்கள் ஊர்க் கோயில் அதைவிடப் பழையது. தமிழ் படிக்கிறேன் என்றாலாவது எனக்கு விளங்கும். நான் மறிப்பது சரியா, பிழையா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்கும் ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த நாட்டில் படிக்க என்ன இருக்கிறது என்பது ஒன்று. படித்தால் வேலை கிடைக்குமா என்பது மற்றது. உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது இரண்டாவதுதான் என்று விளங்குகிறது. ஆனாலும் முதலாவதில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் மகளைப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1867 என்பது நான்கு மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு அரசு அமைத்த ஆண்டு. அந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த காலத்துக்கு அது கணக்கில்லை. நீங்கள் இருக்கும் ஸ்காபரோவையே பாருங்கள். லோரன்ஸ் அவெனியூவும் பெல்லமி ரோட்டும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, வீடுகளுக்கு நடுவில், புல் மூடிய ஒரு மேடு இருக்கிறது. டேபர் ஹில் என்று பெயர். 1956இல் மண் அள்ளும் இயந்திரம் அதைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள், ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டவை. ஐரோப்பியர் ஒன்டாரியோ ஏரிக்கரைக்கு வருவதற்கு நெடுங்காலம் முந்தியவை.

ஏன் இத்தனை பேர் ஒரே இடத்தில்? போரா, கொள்ளைநோயா? எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்வது கடினம். 1636இல் ஜோர்ஜியன் குடாவுக்கு அருகே வென்டாட் என்ற முதற்குடி மக்களின் ஊரான ஒசொசானேயில் ழான் டி பிரெபோஃப் என்ற யேசுசபைப் பாதிரியார் ஒரு சடங்கை நேரில் பார்த்து, பிரெஞ்சில் விரிவாக எழுதி வைத்தார். வென்டாட் மக்கள் பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஊரை இடம் மாற்றுவார்கள். அப்போது தங்கள் இறந்தவர்களை எல்லாம் தோண்டி எடுத்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, தோலில் பொதிந்து, எல்லாரையும் ஒரே குழியில் சேர்த்து அடக்கம் செய்வார்கள். அப்படி ஒரு பெருவிருந்துச் சடங்கு. அந்தப் பிரெஞ்சுக் குறிப்பைத் தெரிந்துகொண்டு போய் நின்றால்தான் உங்கள் வீட்டுப் பக்கத்து மேடு என்னவென்று விளங்கும். அது போதாது. பாதிரியார் தன் மதக்கண்ணால் பார்த்து எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடத் தெரிய வேண்டும். அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்று இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நகர எல்லைக்குள் இப்படி ஒரு இடுகாடு வந்தால் சட்டம் அதை என்ன செய்யச் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு துறைக்குள் அடங்காது.

"எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. நல்ல கனடியக் கற்கைத் திட்டம் துறைகளில் இருந்து தொடங்குவதில்லை. ஒரு பிரச்சினையை முன்னால் வைத்துவிட்டு, அதற்கு எது எது தேவையோ அந்தத் துறைக்கெல்லாம் போகிறது. இதை நான் வகுப்பறைத் தத்துவமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன விடயம் இது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில் கிட்க்சான், வெட்சுவெட்டென் என்று இரண்டு முதற்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் தங்களுடையது என்று 1984இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். டெல்கமூக் வழக்கு என்று அதற்குப் பெயர். காணி உறுதி இல்லாமல் காணி வழக்குப் பேசுவது எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவர்களிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு இருந்தது, குலச் சின்னங்கள் இருந்தன, தலைமுறை தலைமுறையாகப் பெருவிருந்துகளில் எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்ட கதைகள் இருந்தன. எந்தக் குடும்பம் எந்த ஆற்றுக்குச் சொந்தம், எப்போது வந்தது, யாரிடம் இருந்து பெற்றது என்பதெல்லாம் அந்தக் கதைகளுக்குள்தான் இருந்தது.

விசாரணை 374 நாள் நடந்தது. ஒரு மூதாட்டி தன் சாட்சியத்தின் பகுதியாக ஒரு பாட்டைப் பாட வேண்டியிருந்தது. நீதிபதிக்கு அதில் விருப்பமில்லை. எழுதித் தந்தால் போதாதா என்று கேட்டார். தன் காதுக்குச் சங்கீதம் ஏறாது என்றும் சொன்னார். கடைசியில் அந்த அம்மா பாடினார்.

இன்னொரு கதை மெடீக் பற்றியது. ஒரு மாபெரும் கரடி, மலையில் இருந்து ஓடை வழியே மரங்களை முறித்து வீசிக்கொண்டு இறங்கி வந்ததாகக் கிட்க்சான் மக்கள் சொல்வார்கள். கேட்கிறவருக்கு இது வெறும் புராணம். ஆனால் அவர்களுடைய தரப்பு நிலவியல் ஆய்வாளர்களைக் கொண்டுவந்து சீலி ஏரியின் அடிமண்ணைப் பரிசோதித்தது. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் ஒரு பெரிய மண்சரிவு நடந்ததற்கான தடயம் கிடைத்தது. கதையும் மண்ணும் ஒரே இடத்தைக் காட்டின.

1991இல் அந்த நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாய்மொழி வரலாற்றுக்கு எழுத்து ஆவணங்களுக்குச் சமமான இடம் தரப்பட வேண்டும் என்று சொல்லி, புதிய விசாரணை வேண்டும் என்றது. நிலம் இவர்களுடையது என்று அப்போதும் தீர்ப்புச் சொல்லவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அன்றில் இருந்து, இந்த நாட்டில் நிலச் சட்டம் படிக்கிற ஒருவர் பாட்டையும் கதையையும் எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நிலவியலும் மானிடவியலும் கொஞ்சமாவது விளங்க வேண்டும். 374 நாளும் அந்த நீதிமன்றத்தில் நடந்தது உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடம்தான் என்பேன்.

சரி, இதெல்லாம் மற்றவர்களின் கதை என்று உங்களுக்குத் தோன்றலாம். நம்முடையதையே எடுப்போம். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். இந்தக் கதை தெரியாத தமிழர் ரொறன்ரோவில் குறைவு. விழாக்களில் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் கேள்விகளை நாம் கேட்பதில்லை.

அவர்களைத் திருப்பி அனுப்பாதது ஏன்? 1914இல் கொமகாட்டா மாரு என்ற கப்பலில் 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள், வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தார்கள். சொந்த நாட்டில் இருந்து இடையில் நிற்காமல் நேரே வந்தவர்களுக்குத்தான் அனுமதி என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சட்டம் செய்து வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்து, சிலரைத் தவிர மற்ற எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். அதே நாடு 72 ஆண்டுகளில் எப்படி மாறியது? 1967இல் கல்வி, தொழில் திறமைக்குப் புள்ளி போட்டுக் குடிவருபவரைத் தேர்கிற முறை வந்தது, 1971இல் பல்பண்பாட்டுக் கொள்கை வந்தது, 1982இல் உரிமைச் சாசனம் வந்தது. பிறகு 1985 ஏப்ரலில், சிங் வழக்கில், கனடிய மண்ணில் நிற்கிற எவருக்கும் அந்தச் சாசனத்தின் காவல் உண்டு, அகதிக் கோரிக்கை வைப்பவரை நேரில் கேட்காமல் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படகுகள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. நீங்களும் அகதிக் கோரிக்கை வைத்து வந்தவரானால், உங்களை ஒரு அதிகாரி நேரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டியிருந்ததற்கும் அந்தத் தீர்ப்புத்தான் காரணம்.

அடுத்தது, அந்த மீனவர்கள் யார்? நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்ததே 1949இல்தான். நூற்றாண்டுக் கணக்காகக் கொட் மீனை நம்பி வாழ்ந்த மக்கள். படகுகள் வந்து ஆறு ஆண்டில், 1992 ஜூலையில், கடலில் மீன் வற்றிப்போய் அந்தத் தொழிலையே அரசாங்கம் நிறுத்தியது. ஏறக்குறைய 30,000 பேர் ஒரே அடியாக வேலை இழந்தார்கள். ஊர்கள் வெறிச்சோடின. நம்மைத் தூக்கிவிட்டவர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்பதை அறிந்திருப்பது நன்றிக் கூட்டம் வைப்பதைவிடப் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். அதை அறிய உயிரியல் வேண்டும், பொருளியல் வேண்டும், அரசாங்கம் மீன்பிடிக்கு அளவு நிர்ணயித்த வரலாறும் வேண்டும். உங்கள் மகளுக்கு உயிரியல் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீண்போகாது.

இந்தப் படிப்பே ஒரு குறையில் இருந்து பிறந்ததுதான். 1960களில் கனடியப் பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகின, பேராசிரியர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டில் இருந்து வந்தார்கள், மாணவர்கள் தங்கள் நாட்டின் இலக்கியத்தையோ அரசியலையோ ஒழுங்காகப் படிக்காமலே பட்டம் வாங்கினார்கள். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 1957லேயே ஒரு கனடியக் கற்கை நிறுவனம் தொடங்கியிருந்தாலும் அது விதிவிலக்கு. 1972இல் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான தோமஸ் சைமன்ஸ் தலைமையில் ஒரு ஆணைக்குழு அமைத்தார்கள். நம்மை நாமே அறிவதற்கு என்ன செய்கிறோம் என்று அது 1975இல் கடுமையாகக் கேட்டது. ஆக, "இங்கே படிக்க என்ன இருக்கிறது" என்பது உங்களுக்கு மட்டும் தோன்றிய கேள்வி இல்லை. கனடியர்களே அதை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துறைக்கு நான் ஒரு முன்னோடியைச் சொல்வதென்றால் ஹரல்ட் இனிஸ். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். தோல் வணிகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று 1924இல் பீஸ் ஆற்றில் தோணி ஏறி, மக்கென்சி ஆற்று வழியே வடக்கே போனார். பீவர் என்ற விலங்கின் தோல் ஐரோப்பியத் தொப்பிக்காகத் தேவைப்பட்டது, அந்தத் தோலைத் தேடிப் போன ஆற்று வழிகள்தான் பின்னால் கனடாவின் உருவத்தையே தீர்மானித்தன என்று 1930இல் ஒரு பெரிய நூலில் காட்டினார். புவியியலா, பொருளியலா, வரலாறா என்று பிரிக்க முடியாத நூல்.

குறைகளும் உண்டு. நெடுங்காலம் இந்தத் துறை ஆங்கிலக் கனடாவும் பிரெஞ்சுக் கனடாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதாகவே இருந்தது. முதற்குடிகள் ஓரத்தில் நின்றார்கள், நம்மைப் போல் வந்தவர்கள் ஒரு பின்னிணைப்பு. வதிவிடப் பாடசாலைகளில் சுமார் 150,000 முதற்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடம் இருந்து பிரித்து வைக்கப்பட்ட கொடுமையை உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முழுமையாகப் பதிவு செய்த பிறகு எந்தத் திட்டமும் பழையபடி நடக்க முடியாது. கார்ல்டனில் இன்று அந்தக் கனடியக் கற்கை நிறுவனத்தின் பெயரிலேயே முதற்குடிகள்தான் முதலில் வருகிறார்கள். இப்போதும் சில இடங்களில், பல துறைகளின் பாடங்களை ஒரு பட்டியலாகப் போட்டு, விரும்பியதை எடுத்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். அது நீங்கள் பயப்படுகிற "கொஞ்சம் கொஞ்சம்"தான். மகள் விண்ணப்பிக்கும் இடத்தில், ஆய்வுமுறைக்கென்று தனிப்பாடம் இருக்கிறதா, கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு ஆய்வு எழுத வேண்டுமா, முதற்குடிகள் பற்றிய பாடம் கட்டாயமா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் இல்லாத இடம் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

இனி வேலை. கனடியக் கற்கைகள் என்று பெயர் போட்ட வேலை எங்கும் இல்லை. தனியாக அதை மட்டும் படிக்கச் சொல்லவும் மாட்டேன். ரொறன்ரோ போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டு முதன்மைப் பாடங்களைச் சேர்த்துப் பட்டம் எடுக்கலாம். கணக்கு நன்றாக வரும் பிள்ளை புள்ளியியலையோ சூழலியலையோ இதோடு சேர்த்தால் அது பலமான சேர்க்கை. 2004இல் ஹைடா மக்களின் வழக்கில், முதற்குடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய எதையும் செய்வதற்கு முன் அரசு அவர்களோடு கலந்து பேசியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுரங்கமோ, எண்ணெய்க் குழாயோ, அணையோ, இன்று எதற்கும் அந்தக் கட்டம் உண்டு. விஞ்ஞானமும் தெரிந்து, அந்த மக்களின் வரலாறும் தெரிந்த ஆட்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. பிரெஞ்சையும் விடவேண்டாம். மத்திய அரசுப் பதவிகளில் பலவற்றுக்கு இரண்டு மொழியும் வேண்டும்.

தமிழ் என்றால் விளங்கும் என்றீர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்கு நம் மக்களே 30 லட்சம் டொலர் சேர்த்துக் கொடுத்துத் தமிழ் இருக்கை அமைத்திருக்கிறார்கள். கனடியக் கற்கைகள் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கமும் போக வழி இருக்கும்.

நீங்கள் மறிப்பது சரியா என்று கேட்டீர்கள். பிழை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போதே சண்டை பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை, அறிவியல் பீடத்தில் முதலாண்டு முடிந்த பிறகுதான் முதன்மைப் பாடத்தை உறுதி செய்கிறார்கள். விண்ணப்பத்தை அனுப்பட்டும். முதலாண்டில் கணக்குப் பாடம் ஒன்று, உயிரியல் ஒன்று, பிரெஞ்சு ஒன்று, கனடியக் கற்கை அறிமுகப் பாடம் ஒன்று எடுக்கட்டும். அடுத்த வருடம் வசந்தத்தில் மகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு, முடிந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.