தம்பியைப் பராமரிக்கும் தங்கைக்கு வருமான வரி உண்டா?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள (80 சதவீதம்) என் தம்பியைக் கும்பகோணத்தில் என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். சென்னையில் பணிபுரியும் நான் அவளுக்கு மாதம் 15,000 ரூபாய் அனுப்புகிறேன். அவளுக்கு வரி வருமா? எனக்குக் கழிவு உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உடன்பிறந்தவர் அன்பின் பேரில் தரும் பணம், தொகை எவ்வளவாயினும், பெறுபவருக்கு வரிக்குரிய வருமானமாகாது. பராமரிப்புக்கான ஊதியம் என்று பேசித் தந்தால் அது அவருடைய வருமானமே. ஆயினும் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்பது அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருப்பதால், வேறு வருமானம் இல்லாதவரை வரி எழாது.

ஊதியமாகத் தந்த தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்க இயலாது. ஆனால், தம்பி முழுமையாகவோ பெரும்பாலுமோ உங்களைச் சார்ந்திருந்து, அவருக்காக நீங்கள் செலவு செய்து, பழைய வரி முறையையும் தேர்ந்தெடுத்திருந்தால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் (2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்துவது) 80டிடி பிரிவின்படி 1,25,000 ரூபாய் கழிவு பெறலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, 80-க்குக் கீழ் என்றால் 75,000 ரூபாய். இது நிலையான தொகை; பலர் மருந்துக் கடை ரசீதுகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், உண்மையில் முக்கியமானது மருத்துவச் சான்றிதழ்தான். அதில் மறுமதிப்பீட்டுத் தேதி குறிக்கப்பட்டிருந்தால், அது கடந்தபின் புதிய சான்றிதழ் வேண்டும்.

தம்பி பெயரில் நெல் வயல் இருந்து குத்தகை வந்தால், அது விவசாய வருமானமாதலால் வரியில்லை. எனினும் அது அவருடைய வாழ்க்கைச் செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டுமானால், உங்களைச் சார்ந்தவர் என்ற வாதம் வலுவிழக்கும். குறைபாடுள்ளவர் தாமே பெறக்கூடிய 80யு பிரிவுக் கழிவை அவர் தம் பெயரில் கோரினாலும் உங்களுக்கு 80டிடி கிடைக்காது.