சரிவில் காய்கறித் தோட்டம்: முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் கிழக்கு நோக்கிச் சரியும் நிலம் இருக்கிறது. மேலிருந்து கீழாகத் தரையோடு அளந்தால் 40 அடி. அகலம் 30 அடி. மேல் விளிம்பைவிடக் கீழ் விளிம்பு 10 அடி தாழ்வு. சென்ற ஆண்டு அக்கம்பக்கத்தார் சொன்னபடி மேலிருந்து கீழாகவே பார் (நீண்ட மண்மேடு) பிடித்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டோம். ஐப்பசி மழையில் மேல்மண் பெரும்பகுதி கீழ்வேலியில் வந்து கிடந்தது. குறுக்கே பார் பிடித்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்கிறார்கள். தோட்டத்தை எப்படித்தான் அமைப்பது?
– வாசகி, கேத்தி, நீலகிரி

பதில்: அக்கம்பக்கத்தாரின் அச்சம் ஆதாரமற்றது அன்று. வேரடியில் நீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகும் என்பதால்தான் நீலகிரி விவசாயிகள் பலர் சரிவின் போக்கிலேயே பார் பிடிக்கிறார்கள். ஆனால் அப்படிப் பிடித்த ஒவ்வொரு பாரின் பள்ளமும் மழைக்கு ஓர் ஓடையாகிவிடுகிறது. தண்ணீரோடு மண்ணும் இறங்குகிறது. பாத்தி குறுக்கே இருக்க வேண்டும், தண்ணீரும் தேங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க, பாத்தியின் இடத்தைக் குறிக்கும் முன்பே தண்ணீர் போகும் வழியைக் குறித்துவிட வேண்டும்.

உங்கள் நிலம் நான்கடிக்கு ஓரடி இறங்குகிறது. நான்கடிப் பாத்தி, ஒன்றரை அடி நடைபாதை என்று ஐந்தரை அடி அகலத்தில் ஒரு படி வைத்தால் ஏழு படிகள் அமையும்; ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்திருக்கும். நடைபாதையைப் படியின் உட்புறத்தில், அதாவது மேல்படியின் சுவரடியில் வையுங்கள்; வெளி விளிம்பில் வைத்தால் கால் மிதித்து மிதித்தே கரை உடையும். நான்கடி அகலப் பாத்தியின் மறுகோடி கைக்கு எட்டாதே என்று தோன்றலாம். பாத்தியின் உள்பாதிக்கு அதே படியின் பாதையில் நின்று களை எடுக்கலாம். வெளிப்பாதிக்குக் கீழ்ப்படியின் பாதையில் நின்றால் மண் முழங்கால் உயரத்தில் இருக்கும், அவ்வளவாகக் குனியவும் வேண்டாம். சமவெளித் தோட்டக்காரருக்குக் கிடைக்காத வசதி இது.

ஒவ்வொரு படியும் வெளிப்பக்கம் சற்று உயர்ந்து, உட்பக்கம் நான்கடிக்கு ஓரங்குலத்துக்குச் சிறிது கூடுதலாகத் தாழ்ந்திருக்கட்டும். மழைநீர் சுவரடிக்கு வந்து, அங்கே ஒரு சாண் அகலத்தில் வெட்டிய வாய்க்காலில் சேரும். அந்த வாய்க்கால் 30 அடி நீளத்துக்கு மூன்று நான்கு அங்குலம் மட்டும் தெற்கு நோக்கி இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் அதுவே மண்ணை அரிக்கும். தெற்கு ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கல் பாவிய ஒரே வடிகாலில் ஏழு வாய்க்கால்களையும் சேர்த்து, முடிவில் அதைப் பொது ஓடையிலோ கால்வாயிலோ விடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரடியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெட்டும் வேலையைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள். கீழ்ப்படியின் கருப்பு மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணில் உள்பாதியை வெட்டி வெளிப்பாதியில் நிரப்பி மட்டமாக்குங்கள். பிறகு அடுத்த மேல்படியின் மேல்மண்ணைக் கீழே இழுத்து இந்தப் படியின் மீது பரப்புங்கள். இப்படியே ஏறிப் போனால் முதலில் குவித்த மண் உச்சிப் படிக்குத்தான் தேவைப்படும். அதைக் கூடையில் சுமந்து ஏற்றும் உழைப்பு ஒரு முறைதான். மாறாக, மேல்மண்ணை அடியில் புதைத்துவிட்டால் செம்மண்ணில் எரு போட்டே பல ஆண்டுகள் கழியும். பொக்லைனை நினைக்க வேண்டாம். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை, இந்த அளவு நிலத்துக்கு மண்வெட்டியும் கடப்பாரையுமே போதும். தை, மாசியில் வெட்டி முடித்தால் கோடை மழையில் மண் படிந்து இறுகும். நிரப்பிய பகுதி சில அங்குலம் இறங்கும் என்பதால் வெளி விளிம்பைத் தொடக்கத்திலேயே சற்று உயர்த்தி வையுங்கள்.

படிச்சுவருக்குச் சிமெண்ட் பூச வேண்டாம். என் தோட்டத்தில் ஆசைப்பட்டுப் பூசிய சுவர், நீர் கசிய வழியில்லாமல் முதல் பருவமழையிலேயே வயிறு தள்ளி நின்றது. கற்களை உட்புறம் சாய்த்துப் பூச்சில்லாமல் அடுக்குவதே நல்லது. விளிம்பில் புல் வளர்க்கலாம். கிக்குயு புல்லை மட்டும் விடாதீர்கள், அது ஒரே ஆண்டில் பாத்தியைப் பிடித்துக்கொள்ளும்.

பயிர்களைப் பொறுத்தவரை, மேல்படிகள் விரைவில் காயும். அங்கே பூண்டு, பீன்ஸ், முள்ளங்கி. ஈரம் நிற்கும் கீழ்ப்படிகளில் முட்டைகோஸ், பீட்ரூட். ஆனால் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே கீழே வழிந்து தேங்குவதால் உறைபனி முதலில் கருக்குவது கடைசிப் படியைத்தான். கீழ் எல்லையில் அடர்ந்த வேலி வைத்தால் அந்தக் காற்று வெளியேறாது. ஆகவே வேலியை இடைவெளி விட்டு அமையுங்கள், மார்கழி, தையில் அங்கே உருளைக்கிழங்கு வேண்டாம். மேரக்காய் (சௌசௌ) பந்தலை வட கோடியில் போடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் மற்றப் பாத்திகளின் மீது விழாது. கிழங்கு தோண்டிய படியை ஐப்பசி மழைக்கு வெறுமையாக விடாமல் பட்டாணியாவது விதைத்து மூடுங்கள்.

தண்ணீர் டிரம்மை உச்சிப் படியில் வைத்தால் மோட்டார் இல்லாமலே எல்லாப் படிகளுக்கும் குழாய் விடலாம். 500 லிட்டர் டிரம் நிறைந்தால் அரை டன் எடை; அது நிரப்பிய வெளிப்பாதியில் அல்ல, வெட்டிய உள்பாதியில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நிலம் பன்னிரண்டு அடிக்கு ஓரடிதான் சரிகிறது. எங்களுக்கும் படி வெட்ட வேண்டுமா? மட்டம் பார்க்கக் கருவி இல்லையே?
– வாசகர், ஏற்காடு

பதில்: படி தேவையில்லை. ஒரே மட்டத்தில் குறுக்குக் கோடுகள் குறித்து, அவற்றின் மீது கல் வரப்பு போட்டு, இடையில் அதே போக்கில் பார் பிடித்தால் போதும். மண் வரப்போரம் சேர்ந்து சில ஆண்டுகளில் நிலம் தானே மட்டப்படும். கருவியையும் நீங்களே செய்துகொள்ளலாம். ஏழடிக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி, நடுவே ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பின்பு கால்கள் நின்ற அதே இரண்டு இடங்களில் சட்டத்தைத் திருப்பி வைத்து மறு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும் இடமெல்லாம் ஒரு முளைக்குச்சி அடித்துக்கொண்டே நடந்தால் கோடு கிடைத்துவிடும். காற்றடிக்கும் நேரத்தில் நூல் ஆடும், காலையில் குறியுங்கள்.