முதலில் ஆறடிக் குழி வெட்டுங்கள்

கட்டடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பொறியாளர் பதில்

கேள்வி: இளைஞர்களும் மகளிர் குழுவும் சேர்ந்து ஊருக்கு ஒரு சமுதாயக்கூடம் கட்டப்போகிறோம். சுற்றிலும் செம்மண், தோண்டினால் செம்பாறாங்கல். கூடம் இந்த மண்ணின் சாயலில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. வரைபடம் போட்டவரோ, சிமென்ட் சுவருக்குச் செம்மண் நிறப் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார். சரிதானா?
– வாசகி, ஆலங்குடி

பதில்: பெயின்ட் வேண்டாம், சகோதரி. சுவரே உங்கள் மண்ணாக இருக்க முடியும்போது அதன் நிறத்தை மட்டும் எதற்குப் பூச வேண்டும்? வரைபடத்தைக் கொஞ்ச நாள் சுருட்டி வையுங்கள். கூடம் வரப்போகும் இடத்தில் ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். கொத்தனாரையும் ஊரில் கிணறு வெட்டிய அனுபவம் உள்ளவர்களையும் அழைத்து, குழியின் பக்கத்தைப் பாருங்கள். மேலே வேர் ஓடிய மண், அடுத்து செம்மண், பிறகு சரளை, அதற்கும் கீழே செம்பாறை என்று படிவுகள் தெரியும். எது எத்தனை அடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், சுவர் எதனால் என்ற இரண்டு கேள்விக்கும் பாதி பதில் அந்தக் குழியிலேயே இருக்கிறது.

செம்பாறாங்கல்லின் குணம் விசித்திரமானது. பூமிக்குள் ஈரத்தோடு இருக்கும்போது கோடரியால் செதுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றுப்படப் போட்டால் இறுகிவிடும். கேரளத்தில் இதைத்தான் வெட்டுக்கல் என்பார்கள். மலபாரின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தன் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மக்கள் இதைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டியதைக் கண்டு வைத்த பெயர் அது. உங்கள் குழியில் கெட்டியான கல் கிடைத்தால் கோடையில் வெட்டி, சில வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கல் உதிர்ந்தால் கவலை வேண்டாம், மண்கட்டி இருக்கிறது. ஆரோவில்லுக்கு ஒருநாள் பஸ் பிடித்துப் போய்வாருங்கள். 1968இல் அந்த நகரம் தொடங்கியபோது அது மழைநீர் அறுத்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் மேடு. அதே மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கட்டிகள் செய்தார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. அப்படி எழுந்த பார்வையாளர் மையம் 1992இல், எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதைப் பெற்றது. அங்குள்ள எர்த் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது, பயிற்சியும் தருகிறார்கள். மகளிர் குழுவிலிருந்து நாலு பேர் கற்றுக்கொண்டு வந்தால், செங்கல்லுக்குப் போகும் பணம் ஊருக்குள் கூலியாகச் சுற்றும்.

எல்லாச் செம்மண்ணும் கட்டிக்கு ஆகாது. நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல், மறுநாள் பார்த்தால் களிமண். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்ற கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் அருமையான மண். நான் வேலை செய்த ஓர் ஊரில் இந்தச் சோதனையை வரிசையாகப் பதினோரு பாட்டில்களில் திண்ணையில் வைத்திருந்தோம். அங்கே வந்த ஒரு பாட்டி பாட்டில்களைப் பார்க்கவே இல்லை. பக்கத்திலிருந்த ஒவ்வொரு மண் குவியலிலும் ஒரு பிடி எடுத்து, நனைத்து உருட்டி, கையைக் கழுவினார். ஏழாவது குவியலில், “இது ஒட்டுகிறது, ஆனால் கழுவினால் போய்விடுகிறது. இதை எடுங்கள்” என்றார். பாட்டிலும் மறுநாள் அதையேதான் சொன்னது. வாழ்நாள் முழுக்க அடுப்பும் குதிரும் குழைத்த கை அது.

மேல்மண்ணை மட்டும் தனியே ஒதுக்கித் தோட்டத்துக்கு வையுங்கள். மண் எடுத்த குழியை மூடாதீர்கள், மழைநீர்க் குட்டையாக்குங்கள். மண் வெட்டுவதற்கான அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கட்டிகளை நிழலில் அடுக்கி, மூடி, 28 நாள் ஈரம் காத்துப் பதப்படுத்த வேண்டும். இதில் அவசரப்பட்டால் உழைப்பெல்லாம் வீண். அடிமட்டம் ஒன்றரை அடிக்குக் கருங்கல், கூரை இறவாரம் சுவரைத் தாண்டி மூன்றடி. ஐப்பசிச் சாரல் சுவரை அடிக்கக் கூடாது.

இன்னொன்று, தண்ணீர் போகும் வழி. என் பணியின் தொடக்கத்தில் ஓர் ஊருக்குப் படிப்பகம் கட்டிக்கொடுத்தேன். இடத்தைச் சித்திரையில் பார்த்தேன், காய்ந்த வெற்றுத்தரை. கார்த்திகையில் ஊருணிக்கு வரும் தண்ணீர் அந்தத் தரை வழியாகத்தான் வரும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் புத்தகங்கள் நனைந்தன, ஊருணியும் நிரம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு மழைக்காலம் பார்க்காத இடத்தில் நான் அஸ்திவாரக் குழி தோண்டுவதில்லை. உங்கள் கூடம் ஊருணிக்கு வரும் தண்ணீரைத் தடுக்காமல், கூரைத் தண்ணீரையும் அதற்கு ஊட்ட வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்!

கேள்வி: எங்கள் ஊர் மண்டபச் சுவரில் கோடைதோறும் விரிசல். பூசினாலும் திரும்ப வருகிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: குற்றம் பூச்சில் இல்லை. உங்கள் பக்கத்துக் கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காட்டில் பாளம் வெடிப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அதே அசைவு அஸ்திவாரத்துக்கு அடியிலும் நடக்கிறது. சுவரைச் சுற்றி நீர் தேங்காமல் சரிவாகத் தளம் போடுங்கள், கூரைத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். புதிதாகக் கட்டுவதானால், ஈரம் மாறாத ஆழம்வரை இறங்கி, அடியில் குமிழ்போல் விரியும் அண்டர் ரீம்டு பைல் அஸ்திவாரம் போடுங்கள். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே உருவாக்கிய முறை அது.

கேள்வி: தனுஷ்கோடி தேவாலயம்போல் பவளக்கல்லில் எங்கள் கடற்கரையில் சிறு நூலகம் கட்டலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடாது. 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் பவளப்பாறை உயிருள்ள கடற்சுவர். அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழைய கடற்கரை வீடுகளின் தடித்த சுவரையும், முற்றத்தையும், சுண்ணாம்புப் பூச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரைக்குப் பனை. நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஆகையால் காற்றில் விழுந்த மரம் பக்கத்து ஊர்களில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வயிரம் பாய்ந்த முதிர்ந்த பனையாக இருந்தால் உத்தரத்துக்கு அதுவே போதும்.