கதாகாலட்சேபம் சோறு போடுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்தை நம்பி உங்கள் மகள் பிழைக்க முடியுமா என்று நேற்று கேட்டீர்கள். அவளை வைத்துக்கொண்டு முழுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கதையை மட்டும் நம்பி முதல் ஐந்தாறு ஆண்டுகள் காலம் தள்ள முடியாது. ராமநவமி, நவராத்திரி, மார்கழி என்று வாய்ப்புகள் குவியும். இடையில் மாதக்கணக்கில் ஒன்றும் இராது. கிடைக்கும் சன்மானத்திலும் வயலின், மிருதங்கம், பின்பாட்டு என எல்லோருக்கும் கொடுத்ததுபோக எஞ்சுவதுதான் அவளுக்கு. உங்கள் பயம் நியாயமானது.

ஆனால் நீங்கள் வெளியே கைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நந்தனார் கதையில் திருப்புன்கூர்க் கட்டத்தைச் சொல்லச் சொன்னேன். கோயிலுக்குள் போக முடியாத நந்தன் வாசலில் நிற்கிறான், நந்தி மறைக்கிறது. "நந்தி விலகியது" என்று சொல்லிவிட்டுத்தான், விலகச் சொல்லி இறைவன் கேட்கும் "சற்றே விலகி இரும் பிள்ளாய்" பாட்டை எடுத்தாள். பூர்விகல்யாணி ராகம் அப்பழுக்கில்லை, பாட்டுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. "நந்தன் கழுத்தை நீட்டிப் பார்க்கும் இடத்தில் பேச்சை நிறுத்து" என்றேன். மறுபடி சொன்னாள். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு இவளையே பார்த்தாள்.

எந்த இடத்தில் பேச்சு நிற்க வேண்டும், எங்கே பாட்டு தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் உயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் பாடிக் கதை சொல்லும் மராத்தியக் கீர்த்தன முறையையும் கர்நாடக இசையையும் இணைத்து வகுத்துக் கொடுத்த வழி இது. ஹரிகதை என்றும் அழைக்கப்படும் இதைப் பெண்கள் சொல்வதா என்ற எதிர்ப்புக்கு நடுவே சி. சரஸ்வதி பாய் அந்த மேடையைப் பிடித்தார்.

ஒன்பது ஆண்டுப் பயிற்சியில் உங்கள் மகளின் பாட்டு கனிந்திருக்கிறது. சொல் இன்னும் காய்தான். அதனால் பி.ஏ. தமிழில் சேர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. கம்பனையும் பெரியபுராணத்தையும் மூன்று ஆண்டு ஊன்றிப் படித்தால் மேடையில் மனப்பாடம் ஒப்பிக்கும் நிலை வராது, பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கும் வழி உண்டு. பாட்டு வகுப்பு மாலையில் தொடரட்டும். திருவையாறு, சென்னை அரசு இசைக் கல்லூரிகளும் நல்லவையே; இவளுக்கு இப்போதைய குறை இசையில் இல்லை. பி.காம்.தான் என்று நீங்கள் உறுதியாக நின்றாலும் கதவு மூடிவிடாது. வயலின் மேதை லால்குடி ஜெயராமனிடம் பயின்று இன்று அரங்கு நிறையக் கதை சொல்லும் விசாகா ஹரி, சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் படிப்பை முடித்தவர். 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் தரும் உதவித்தொகையையும் பார்த்து வையுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுமுன் ஒரு மாலை, நீங்களும் அவள் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து அந்தத் திருப்புன்கூர்க் கட்டத்தைக் கேளுங்கள். பக்கவாத்தியம் வேண்டாம், தம்பூரா போதும். கைபேசியை மட்டும் உள்ளறையில் வைத்துவிடுங்கள்.