பல் டாக்டரிடம் கேளுங்கள்: இன்று சிரிப்பு

சேலத்தில் இருபது வருடமாகப் பல் பார்க்கிறேன். சிரிப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அடுப்புக்கரி, செங்கல்பொடி போட்டுத் தேய்க்கிறவர்கள் மட்டும் முதலில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

தர்மபுரிப் பக்கம், ஒரு அம்மா: மகளுக்கு 14 வயது. முன்பல்லில் பழுப்புக் கோடு. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. தண்ணீரை மாற்றினால் சரியாகுமா?

உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கை உண்டு. பெயர் கேட்டாலே மேலே போகும். மூக்கைச் சொறிவது போல ஒரு பாவனை வேறு!

இது அழுக்கு இல்லை அம்மா. போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலே கெட்டுப்போகிறது. முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதனால் இனி தண்ணீரை மாற்றினாலும் வந்த கறை போகாது. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றே மாற்றுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் குடிக்க, சமைக்க அதையே பிடியுங்கள்.

மகளுக்கு வழி இருக்கிறது. லேசான கறை என்றால் மேல் எனாமலை நூலிழை அளவு தேய்த்து எடுக்கலாம். ஆழமாக இருந்தால் பல் நிறத்தில் பூச்சு.

ஏற்காடு, எஸ்டேட் வேலை: ஒரு நாளைக்கு ஆறு காபி. பல் மஞ்சள்.

காபியைக் குறையுங்கள், குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். க்ளீனிங் போதும். கரி வேண்டாம்.

அம்மாபேட்டை: வராத சிரிப்பை வரவழைத்தாலும் மனசு லேசாகுமாமே?

பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டால் வாய் சிரிப்பது போல விரியும், அப்போது கார்ட்டூன் கூடுதல் வேடிக்கையாகத் தெரிகிறது என்று 1988-ல் ஒரு ஆய்வு வந்தது. 2016-ல் 17 ஆய்வுக்கூடங்கள் அதையே செய்து பார்த்தன. அந்த முடிவு கிடைக்கவில்லை. பேனாவைக் கடிக்காதீர்கள், பல் தேயும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுக் கடை: சிரிப்புக்குச் சக்தி என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் டாக்டர். சிரித்துப் பேசினால் கூலியில் குறை, சேதாரத்தில் குறை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். உம்மென்று இருந்தால் சொன்ன விலைக்கு வாங்கிப் போகிறார்கள்.

உம்மென்று இருக்கிற கடைக்கு அடுத்த ஆடிக்கு யார் வருவார்கள்?

ஓய்வுபெற்ற கண்டக்டர்: கடைக்காரர் சொல்வதில் பாதி நிஜம். ஏற்காடு வண்டியில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சிரிப்பவர்களைப் பார்த்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் சில்லறைக்குத்தான் அலைவேன். ஆனால் வாந்தி எடுத்த குழந்தையின் அம்மாவிடம் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், பஸ்ஸே அமைதியாகிவிடும்.

கொலுசுக் கடை: அது இலவசம். என்னுடையது வியாபாரம்.

இலவசம் என்பதால்தான் வேலை செய்கிறது என்கிறேன். 1862-ல் தூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார்: உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை நிஜ மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்று. அதையும் வரவழைக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். உங்கள் வாடிக்கையாளர் உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் கூலியைக் குறைக்கச் சொல்கிறார் போல.

கொலுசுக் கடை: அப்போ இனி கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்கிறேன்.

ஓமலூர்: கரி பேஸ்ட் நல்லதா?

மேலே படியுங்கள்.

ஆத்தூர்: உப்பும் எலுமிச்சையும்?

எலுமிச்சை எனாமலை அரிக்கும், உப்பு அதைச் சுரண்டும். அடுத்தவர்.

தர்மபுரிப் பக்கம், அந்த அம்மா: மகள் கேட்கச் சொன்னாள். வலிக்குமா?

தேய்த்து எடுப்பதற்குப் பெரும்பாலும் ஊசியே வேண்டாம். சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்.