40 நாட் காற்றில் இறங்கலாமா? பலத்த காற்றும் கைட்சர்ஃபிங்கும்: கேள்வி பதில்

பெரிய காற்றாடி (கைட்) இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட்சர்ஃபிங் விளையாட்டை நீண்ட காலமாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பலத்த காற்று பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை 'எத்தனை நாட் வரை போகலாம்?' என்பதன் வெவ்வேறு வடிவங்கள்தான். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். (நாட் என்பது வேகத்தின் அலகு; ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்.)

கேள்வி: என் எடை 75 கிலோ. 25 நாட் காற்றில் 9 சதுர மீட்டர் கைட்டைச் சிரமமின்றி ஓட்டுகிறேன். வார இறுதியில் 40 நாட் என்று முன்னறிவிப்பு. என்னிடம் இருப்பதில் சிறியது 7. இறங்கலாமா?

வேண்டாம். வெறும் 'வேண்டாம்' யாரையும் தடுத்ததில்லை என்பதால் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

காற்றின் விசை அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 25 நாட் 40 ஆகும்போது வேகம் 1.6 மடங்குதான், விசையோ ஏறக்குறைய 2.5 மடங்கு. கைட்டை 9இலிருந்து 7ஆகக் குறைப்பதால் அதில் கால்வாசிகூடக் குறையாது. ஆக, நீங்கள் பழகிய இழுவையைப் போல இரண்டு மடங்கு உங்கள் இடுப்பில் விழும். அதே இழுவைதான் வேண்டும் என்றால் கணக்குப்படி மூன்றரை சதுர மீட்டர் கைட் தேவை. உங்கள் எடையுள்ள அனுபவசாலிகள் 40 நாட்டில் 5 சதுர மீட்டரோடு இறங்குவது உண்மைதான். ஆனால் அவர்கள் கூடுதல் இழுவையோடு ஓட்டப் பழகியவர்கள். இழுவையைக் குறைக்கக் கைப்பிடிக் கம்பியை முழுதாகத் தள்ளிவிட்டுப் பலகையின் விளிம்பை ஊன்றி நிற்கத் தெரிந்தவர்கள்.

இன்னொன்று. 40 என்பது சராசரி. இடையில் 52இல் ஒரு வீச்சு (சில விநாடிகளே நீடிக்கும் உச்ச வேகம்) வந்தால், உங்கள் 7 சதுர மீட்டர் கைட்டின் இழுவை வழக்கத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். உங்களுக்கு அடுத்த படி 30 நாட், 7 சதுர மீட்டர். அதில் சலிப்பு வரும் வரை ஓட்டுங்கள்.

கேள்வி: முன்னறிவிப்பு 30 என்கிறது. கடற்கரைக்குப் போனால் 38 அடிக்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வானிலைத் துறைகள் பொதுவாகச் சொல்லும் காற்று வேகம், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுத்த சராசரி. வீச்சு என்று தனியாகக் குறிப்பிடுவது சுமார் 3 விநாடிகள் நீடிக்கும் உச்சம். உங்களைத் தூக்கி எறிய 3 விநாடிகள் தாராளம். எனவே நான் முதலில் பார்ப்பது சராசரியை அல்ல, சராசரிக்கும் வீச்சுக்கும் உள்ள இடைவெளியை. 32இல் சீராக அடித்து 36ஐத் தாண்டாத காற்று, 22க்கும் 38க்கும் இடையே குதிக்கும் காற்றைவிட எனக்கு எவ்வளவோ மேல். இரண்டாவதில் எந்த அளவு கைட்டை எடுத்தாலும் தவறுதான். தணியும்போது அது தொய்ந்து விழும், வீசும்போது உங்களைப் பறித்துக்கொண்டு போகும்.

மலை, கட்டடம், மரக்கூட்டம் ஆகியவற்றைக் கடந்து வரும் காற்று எப்போதும் இப்படித்தான் குழம்பி வரும். அளவுமானி அருகில் இருந்தால் அந்த நிமிடத்து எண்ணோடு நிறுத்தாமல், கடந்த இரண்டு மணி நேரத்தில் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பாருங்கள். மானி இல்லையென்றால், சுற்றிலும் தெரிவதை வைத்துக் காற்றை மதிப்பிடும் போஃபோர்ட் அளவுகோல் இருக்கிறது. மரங்கள் முழுவதுமாக ஆடி, எதிர்த்து நடக்கவே சிரமமாக இருந்தால் அது 7ஆம் நிலை, 28 முதல் 33 நாட். சிறு கிளைகள் ஒடிந்து விழத் தொடங்கினால் 8ஆம் நிலை, 34 முதல் 40.

குளிர்காலத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 5 டிகிரி காற்று, 30 டிகிரி காற்றைவிடச் சுமார் 9 சதவீதம் அடர்த்தியானது. அதே நாட் எண்ணிலும் சற்றே கூடுதலாக இழுக்கும்.

கேள்வி: கடலில் எனக்குப் பயமில்லை. கரையில் கைட்டை எழுப்பும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது கோழைத்தனமா?

இல்லை, உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் அடிக்கும். கரையில் வேலி, கார், பாறை, மனிதர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தலைக்கு நேர் மேலே கைட்டை நிறுத்திக்கொண்டு மணலில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அந்த நிலையில் ஒரு வீச்சு வந்தால் இழுவை முழுவதும் மேல்நோக்கியே இருக்கும். ஆளே எழும்பிப் போவார்.

பலத்த காற்றில் கைட்டைத் தண்ணீர்ப் பக்கமாக, தாழ்வாக எழுப்புங்கள். எழுந்ததும் நேரத்தை வீணாக்காமல் தண்ணீருக்குள் போய்விடுங்கள். அதற்கு முன், காற்று போகும் திசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நூலின் நீளம் பொதுவாக 20 முதல் 25 மீட்டர். அதைப் போல இரண்டு மடங்கு தூரமாவது வெற்றிடம் வேண்டும் என்பது பழைய விதி. 35 நாட்டுக்கு மேல் அதுவும் எனக்குப் போதாது. கைட்டைப் பிடித்துவிடுபவர் வழிப்போக்கராக இருந்தால் அன்றைக்கு எழுப்பவே வேண்டாம். 'சும்மா பிடித்துக்கொள்ளுங்கள், நான் சொல்லும்போது விடுங்கள்' என்று தொடங்கிய கதைகள் பல மோசமாக முடிந்திருக்கின்றன.

கேள்வி: ஆபத்தில் கைட்டின் இழுவையிலிருந்து விடுபட உதவும் அவசர விடுவிப்பானை இதுவரை இழுத்ததே இல்லை. தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம்தானே?

தேவைப்படும் கணத்தில் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது. 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கைட்சர்ஃபிங்கில் 1000 மணி நேரத்துக்குச் சுமார் 7 காயங்கள் நேர்வதாகக் கணக்கிட்டது. என்னை உறுத்தியது அந்த எண் அல்ல. காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டுப்பாடு போன பிறகு கைட்டைத் தம்மிடமிருந்து கழற்ற முடியாமல் நேர்ந்தவை. அன்றைய கருவிகள் மோசம். இன்று எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. விடுவிப்பு அமைப்புகளுக்கென்றே 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிலையும் வந்துவிட்டது. ஆனால் மணலும் உப்பும் தரநிலை பார்ப்பதில்லை. கை பழகியிருக்கிறதா என்பதை எந்தத் தரநிலையும் சோதிப்பதுமில்லை.

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஒருவரைக் கம்பியை நன்றாக இழுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விடுவித்துப் பாருங்கள். இந்த முதல் விடுவிப்பான் கைட்டை ஒற்றை நூலில் தொங்கவிட்டு வலுவிழக்கச் செய்யும். நூல் எங்காவது சிக்கியிருந்தால், அதன் பிறகும் கைட் சுழன்று சுழன்று இழுக்கும். அப்போது இரண்டாவது விடுவிப்பானை, அதாவது லீஷ் (கைட்டை உங்களோடு இணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிறு) முனையில் இருப்பதை இழுத்து, கைட்டையே கைவிட்டுவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அந்த இடத்தில் தயங்குபவர்கள் உண்டு. தயங்குவீர்களா இல்லையா என்பதைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தலைக்கவசம், மிதவை உடுப்பு?

இரண்டும் அணியுங்கள். ஆனால் அவற்றை அணிந்திருப்பதால் 5 நாட் கூடுதலாகப் போகலாம் என்று நினைத்தால், அணிந்த பயன் அங்கேயே தீர்ந்தது. பலகையைக் காலோடு கட்டும் கயிறு வேண்டாம். விழும்போது பலகை திரும்பி வந்து உங்களையே அடிக்கும்.

கேள்வி: கேப் டவுனில் நடக்கும் கிங் ஆஃப் தி ஏர் கைட் தாவல் போட்டியில் 40 நாட்டில் பறக்கிறார்களே? அவர்களும் மனிதர்கள்தானே?

மனிதர்கள்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர்கள். விழுந்தவரை எடுத்துவர மீட்புக் குழு தயாராக நிற்கும் நாளில், அதற்காகவே உடலைத் தயார் செய்துகொண்டு இறங்குபவர்கள். காணொளியில் தெரிவது தாவல் மட்டும்.

தாவல் பற்றி ஒரு கணக்கு. 10 மீட்டர் உயரத்தில் கைட் உங்களைத் தாங்காமல் விட்டுவிட்டால், ஒன்றரை விநாடிக்குள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுவீர்கள். 20 மீட்டர் என்றால் 70 கிலோமீட்டர். பலத்த காற்றில் உயரம் எளிதாகக் கிடைத்துவிடும், கேட்காமலே கிடைக்கும். இறங்கும் திறமை அப்படிக் கிடைப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வில் அதிகம் அடிபட்டவை பாதமும் கணுக்காலும் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. இப்போதைக்குத் தாவாமல் ஓட்டுங்கள். 35 நாட்டில் நேராக ஓட்டுவதே போதுமான வேலை.

கேள்வி: கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. ஆசையாக இருக்கிறது.

மீட்புப் படகு தயாராக நின்றால் போங்கள். இல்லையென்றால் ஒரு நூல் அறுந்தாலே கரை உங்களுக்கில்லை. பலத்த காற்றில் நூலைக் கையில் சுற்றிச் சுருட்டி நீந்தி வரலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். பாதி சுற்றியிருக்கும்போது கைட் மீண்டும் எழுந்தால் விரல் போய்விடும்.

கேள்வி: என் கணவர் புயல் எச்சரிக்கை வந்தாலே உற்சாகமாகிவிடுகிறார். 'என் உயிர், என் முடிவு' என்கிறார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். நான் என்ன சொல்வது?

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம். வளர்ந்த மனிதர் தன் உடலுக்கு என்ன நேரலாம் என்று தெரிந்து ஏற்றுக்கொள்வதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் தொழிலையே மூட வேண்டும். மறுபாதியில்தான் எனக்குச் சண்டை. அவர் சிக்கிக்கொண்டால், அதே கடலில் இறங்கப்போகும் மீட்பரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அறுத்துக்கொண்டு போகும் கைட்டின் வழியில் நிற்பவரும் சம்மதிக்கவில்லை. பல மாதம் படுத்துவிட்டால் வீட்டைச் சுமக்கப்போவது நீங்கள். 'என் முடிவு' என்பவர் இவர்களையெல்லாம் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள். கோபமாக அல்ல, ஒரு மாலையில் காற்றே இல்லாதபோது.

'போகாதே' என்றால் ஒளிந்து போவார், அது இன்னும் ஆபத்து. அதற்குப் பதில் நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். வீச்சின் மேல் எல்லை எத்தனை நாட், கூட யார், எத்தனை மணிக்குள் கரையேறுவார், தாமதமானால் நீங்கள் யாரை அழைக்க வேண்டும். எண்களை அவரே சொல்லட்டும். தானே சொன்ன எல்லையைத் தாண்டும்போது அவருக்கே உறுத்தும். எல்லை எதுவும் சொல்ல மறுத்தால், அவர் அபாயத்தை எடைபோடவில்லை, எடைபோடுவதையே தவிர்க்கிறார் என்று அர்த்தம். அப்போது நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம்.

கேள்வி: எல்லோரும் இறங்கிவிட்டார்கள், நான் மட்டும் கரையில் நின்றால் கேவலமாக இருக்கிறது.

அவர்கள் வேறு எடை, வேறு கைட், வேறு திறமை. அவர்களில் இரண்டு பேர் உங்களைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கவும் கூடும். கரையில் நிற்பவர் பயனில்லாதவர் அல்லர். பலத்த காற்றில் கைட்டைப் பிடித்து இறக்கத் தெரிந்தவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

கேள்வி: தூரத்தில் இடிமேகம். எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அப்படி எண்ணத் தொடங்கியதே தவறு. பெரிய மேகத்திலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று, மழைக்கு வெகுமுன்னே பல கிலோமீட்டர் தள்ளி வந்துவிடும். 15 நாட் நிமிடங்களில் 40 ஆகும், திசையும் மாறும். காற்று சட்டென்று ஓய்ந்தாலோ, திடீரெனக் குளிர்ந்தாலோ உங்களுக்கு நேரமே இல்லை. மேகம் அடிவானில் கறுத்தபோதே கைட்டை இறக்கி, காற்றைப் பிடுங்கிவிட்டு, அதன் மேல் மணலைப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: கணுக்கால் முறிந்து ஆறிவிட்டது. மருத்துவர் அனுமதித்துவிட்டார். மீண்டும் பலத்த காற்றுக்கு எப்படித் திரும்புவது?

20 நாட்டில் தொடங்குங்கள், பெரிய கைட்டை எடுக்காமல். கால் தேறியிருக்கலாம்; விழப்போகும் கணத்தில் உடல் அந்தக் காலைக் காப்பாற்றத் தானாகவே முறுக்கிக்கொள்ளும், அதில் மற்ற கால் போகும். அந்த முறுக்கல் நின்றுவிட்டது என்று உங்களுக்கே தெரியும் வரை 25ஐத் தாண்டாதீர்கள். தாவலை அதற்கும் பிறகு, ஆழமான நீரில், ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். முதல் சில முறை நண்பர் ஒருவரைக் கரையில் நிறுத்தி, நீங்கள் இறங்கும்போது எடையை எந்தக் காலில் போடுகிறீர்கள் என்று படமெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதும் படம் காட்டுவதும் ஒன்றாக இருக்காது.